உள்ளே நிற்கிற அக்கா

குகனேஸ்வரிக்கு அக்கா கிடையாது. கூடப் பிறந்தவன் கிருபன் ஒருவன்தான், அவனும் இளையவன். ஆனால் இத்தாலியில், பலெர்மோ நகரத்துச் சீசாப் பக்கம் அவள் குடியிருக்கிற கட்டடத்தில் யாரைக் கேட்டாலும், மூன்றாம் மாடியில் அக்காவும் தங்கையுமாக இரண்டு தமிழ்ப் பெண்கள் இருக்கிறார்கள் என்றுதான் சொல்லுவார்கள்.

அதற்கு அவளுடைய வாய்தான் காரணம். காஸ் மீற்றர் பார்க்க வருகிறவனோ பார்சல்காரனோ, யார் மணி அடித்தாலும் கதவை ஒரு சாண் திறந்து, வந்த காரியத்தைக் கேட்பதற்கு முன்னமே, "உள்ளே என் அக்கா நிற்கிறா" என்று இத்தாலியனில் சொல்லிவிடுவாள். வன்னியில் காட்டோரக் காணியில் இருந்த அவளுடைய தாயும் இப்படித்தான் சொன்னாள். "அக்கா உள்ளுக்கை நிக்கிறா." தாய்க்கும் அக்கா இல்லை. ஆம்பிளை இல்லாத வீட்டில் தனியாக இல்லை என்று வந்தவனுக்குக் காட்டுகிற தந்திரம் அது என்றே குகனேஸ்வரி நினைத்திருந்தாள். நல்ல தந்திரம்தானே என்று மகள் கேசிகாவுக்கும் பழக்கிவிட்டாள்.

அவளுக்கு வயது நாற்பத்தொன்பது. கணவர் பேரின்பநாயகம் மொண்டெல்லோவில் ஓர் உணவகத்துச் சமையலறையில் வேலை. கேசிகா பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். குகனேஸ்வரி காலையில் இரண்டு வீடுகளைக் கூட்டித் துடைத்துவிட்டு, கபோச் சந்தை கலைகிற நேரம் பார்த்துப் போய், கத்தரிக்காய்க்காரனோடு சண்டை பிடித்து விலையைக் குறைத்துக்கொண்டு வருவாள். வாய்க்காரி. பேய் பிசாசு என்று யாராவது கதை எடுத்தால், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் மூன்று மாடி ஏறிவர எந்தப் பேய்க்கும் மூச்சு இருக்காது என்று சிரிப்பாள்.

எதிர்க்கதவு சிஞ்ஞோரா நுன்சியா தனியாக இருக்கிற கிழவி. அவளுடைய குசினி யன்னலால் பார்த்தால் குகனேஸ்வரியின் பின்பக்க பல்கனி தெரியும். உன் அக்கா அமைதியான பிள்ளை, நீ வேலைக்குப் போன நேரத்தில் பல்கனியில் நின்று துணி காயப் போடுகிறாள் என்று அடிக்கடி சொல்லுவாள். கேசிகாவைக் கண்டுவிட்டுக் கிழவி கண் தெரியாமல் உளறுகிறாள் என்று நினைத்துக் குகனேஸ்வரி தலையாட்டிவிட்டுப் போவாள்.

இந்த நிலைமையில்தான் கிருபன் காணிக் கதையோடு வந்தான்.

தாய்வழிப் பூட்டன் கதிரித்தம்பி, குளத்துக்குக் கீழே காடு வெட்டி வயலாக்கப் போன முதல் ஆட்களில் ஒருவர். அரசாங்கம் அவருக்குப் பெர்மிட்டில் கொடுத்த காணியில்தான் கிருபன் மூன்று பெண் பிள்ளைகளோடு, பாதி கட்டின வீட்டில் இருக்கிறான். பெர்மிட் வைத்திருக்கிறவர்களுக்கு இப்போது நிரந்தர உறுதிப் பத்திரம் கொடுக்கிறார்கள். ஆனால் முதல் ஆளிலிருந்து வாரிசு வழியைக் காட்டவேண்டும். காட்ட முடியாத காணிகளை அரசாங்கம் திரும்ப எடுத்து எல்லைக்கல் நடத் தொடங்கிவிட்டது. கிருபனின் வேலியிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு கல் வந்துவிட்டது. தைப்பொங்கலுக்குள் உறுதி கைக்கு வராவிட்டால் வீட்டை விட்டு எழும்பச் சொல்லுவார்கள் என்று போனில் அழாக்குறையாகச் சொன்னான்.

வீட்டிலிருந்த கடதாசிகள் சண்டையில் எரிந்துபோயின. மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் பழைய பிரதிகள் தப்பியிருந்தன. கிருபன் நடையாய் நடந்து, ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து அனுப்பினான். எல்லாம் ஆங்கிலத்தில். ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், வெளியே சூடான மணல்காற்று அடிக்க, பலகைக் கதவுகளைச் சாத்திவிட்டுத் தாயும் மகளும் குசினி மேசையில் அவற்றை வாசிக்க இருந்தார்கள்.

பெர்மிட்டில் கதிரித்தம்பியின் மனைவி சிவக்கொழுந்து என்று இருந்தது. அப்படி ஒரு பெயரைக் குகனேஸ்வரி கேள்விப்பட்டதே இல்லை. பூட்டியின் பெயர் அன்னப்பிள்ளை. எழுதினவன் பிழைவிட்டிருப்பான் என்று அடுத்ததைத் திறக்கச் சொன்னாள்.

அடுத்தவை எல்லாம் குடிக்கணக்கு. குடியேற்ற அதிகாரி ஆண்டுதோறும் வீடு வீடாகப் போய் எடுத்தது. முதல் ஆண்டில், மனைவி சிவக்கொழுந்து, வயது இருபத்துநாலு. மனைவியின் தங்கை அன்னப்பிள்ளை, வயது பதினேழு. அடுத்த ஆண்டில் தங்கைக்குப் பதினெட்டு. மனைவிக்கு இருபத்துநாலு. பிறகு வீட்டில் ஒரு குழந்தை வருகிறது, இரண்டாகிறது, ஐந்தாகிறது. தங்கை முப்பதைத் தாண்டிப் போகிறாள். மனைவிக்கு இருபத்துநாலு. ஒவ்வொரு பக்கத்திலும் அவளுடைய பெயருக்குப் பக்கத்தில், வேறு வேறு அதிகாரிகளின் வேறு வேறு கையெழுத்தில், ஒரே குறிப்பு இருந்தது: உள்ளே இருக்கிறார், சுகமில்லை, நேரில் காணவில்லை.

"மம்மா, இவவுக்கு வயசே போகேல்லை," என்று கேசிகா சிரித்தாள். தாயின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

வாசலில் நின்ற அதிகாரிக்கு அன்னப்பிள்ளை என்ன பதில் சொல்லியிருப்பாள் என்று குகனேஸ்வரிக்கு யாரும் வாசித்துக் காட்டத் தேவையிருக்கவில்லை. அதே பதிலை முந்தநாளும் அவள் பார்சல்காரனுக்குச் சொல்லியிருந்தாள்.

மிச்சக் கதையைக் கிருபன் அந்தக் குடியேற்றத்தில் இன்னமும் இருக்கிற ஒரு சொந்தக்காரியிடம் கேட்டு வந்து சொன்னான். பெண்சாதி உள்ள ஆளுக்குத்தான் காணி. சிவக்கொழுந்து முதல் மாரியிலேயே காட்டுக் காய்ச்சலில் போய்விட்டாள். பெர்மிட் மை காயவில்லை. தகவல் தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று கதிரித்தம்பி பயந்தார். எரித்தால் புகை தெரியும் என்று பாலைமரத்தடியில் குழிவெட்டித் தாட்டார். ஒப்பாரி வைத்தால் அதிகாரியின் கொட்டிலுக்குக் கேட்கும் என்று, துணைக்கு வந்திருந்த தங்கையின் வாயைக் கையால் பொத்திப் பிடித்தார். எட்டாம் நாள் சடங்கும் இல்லை, அந்தியேட்டிக் கிரியையும் இல்லை. பிறகு அந்தத் தங்கையே அவருக்குப் பிள்ளைகள் பெற்றாள். சாகும்வரை கடதாசியில் அவள் மனைவியின் தங்கைதான்.

இதில் வந்த வினை இதுதான். பெர்மிட்டில் கதிரித்தம்பிக்குப் பிறகு காணி மனைவி சிவக்கொழுந்துக்கு என்று இருக்கிறது. அவள் செத்ததற்கு எங்கேயும் பதிவு இல்லை. கச்சேரியைப் பொறுத்தவரையில் அவள் இன்னமும் அந்த வீட்டுக்குள் சுகமில்லாமல் இருக்கிறாள். மூத்த வாரிசு யாரோ அவர், அவள் இறந்துவிட்டாள் என்று சத்தியக்கடதாசி கொடுக்கவேண்டும். தாய் போன பிறகு மூத்த வாரிசு குகனேஸ்வரி.

ஒரு கையெழுத்துத்தானே என்று நீங்களும் நானும் சொல்லுவோம். குகனேஸ்வரி அடுத்தநாள் எதிர்க்கதவைப் போய்த் தட்டினாள். என் அக்கா எப்படி இருப்பாள் என்று கேட்டாள். நுன்சியா அவளை ஒருமாதிரிப் பார்த்தாள். உன் அக்காவை என்னிடம் கேட்கிறாயா என்றாள். பிறகு சொன்னாள். எப்போதும் முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பாள். இடுப்புவரை கூந்தல், ஈரமாக. குளிர்காலத்திலும் காலில் செருப்பில்லை. நான் எத்தனை தடவை கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள். பிறவியிலேயே காது கேளாத பிள்ளை என்று நினைத்து நானும் கூப்பிடுவதை விட்டுவிட்டேன்.

கேசிகாவின் முடி தோளைத் தொடாது.

அன்றைக்குச் சாப்பாட்டு மேசையில் கேசிகா இன்னொன்றைச் சொன்னாள். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தால் வந்து தாய் வரும்வரை தனியே இருக்கிறபோது தனக்கு ஒருநாளும் பயம் வந்ததில்லை என்றாள். "அக்கா உள்ளுக்கை நிக்கிறா எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள். அவ கதைக்கமாட்டா. சும்மா நிப்பா." சொல்லிவிட்டுப் பாணைப் பிய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். குகனேஸ்வரி எழுந்து போய்ப் பல்கனிக் கதவைச் சாத்தினாள்.

அதன் பிறகு அவள் வீட்டுக்குள் வாய் திறப்பது குறைந்தது. அறைக்குள் போகுமுன் இருமினாள். பல்கனிக் கதவைத் திறக்கும் வேலையைப் புருசனிடம் விட்டாள். கையெழுத்துக் கதையை எடுத்தாலே எழுந்து போய்விடுவாள். பேரின்பநாயகம் பகிடி விட்டுப் பார்த்தார். "இந்த ஊரிலை பெர்மெசோ விசா இல்லாமல் இவ்வளவு காலம் பிடிபடாமல் இருக்கிற ஒரே ஆள் உன்ரை கொக்காதான்," என்றார். அவள் சிரிக்கவில்லை. அவள் யோசித்துக்கொண்டிருந்தது வேறு விசயம். நீ செத்துப்போனாய் என்று சிவக்கொழுந்திடம் யார் சொன்னது? அழுது சொல்லியிருக்கவேண்டும், அழ விடவில்லை. வருடா வருடம் உள்ளே நிற்கிறாள், உள்ளே நிற்கிறாள் என்று சொன்னால் அவள் நிற்கத்தானே செய்வாள். இப்போது போய், நீ இல்லை என்று கையெழுத்து வைத்தால் என்ன செய்வாள்?

கிருபன் திரும்பவும் போன் எடுத்தான். கல் வேலிக்கு வந்துவிட்டது. மூத்த பிள்ளை கல்லைப் பிடுங்கி எறியப் போக, தாய் கட்டிப்பிடித்து மறித்தாளாம். "நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் நாங்கள் இருப்பம், அக்கா. சொல்லாட்டி இந்தப் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு நான் எங்கை போறது?"

போனை வைத்துவிட்டு அவள் வெகுநேரம் குசினியில் நின்றாள். பயந்துகொண்டு இருந்தவளுக்கு, அந்தப் பயத்துக்குள்ளிருந்து வெட்கம் கிளம்பிற்று. சிவக்கொழுந்து யாரையும் பிடித்து ஆட்டவில்லை, சோறு கேட்கவில்லை, ஒரு பாத்திரத்தைக்கூடத் தட்டி விழுத்தவில்லை. காணிக்காக அவளைப் போகவிடாமல் வாசலில் மறித்து வைத்திருந்தது அவளுடைய சொந்தங்கள். தாய் மறித்தாள், தானும் மறித்தாள், கடல் தாண்டியும் கூடவே இழுத்து வந்தாள். "பாவம் செய்தது நாங்கள். அவவில்லை," என்று பேரின்பநாயகத்திடம் சொன்னாள். அவருக்குப் பகிடி வரவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை கேசிகாவைக் கூட்டிக்கொண்டு, சத்தியக்கடதாசி முடிக்க நொத்தாரிசிடம் போனாள். கதிரித்தம்பியின் மனைவி சிவக்கொழுந்து, குடியேறிய முதல் மாரியில், இருபத்துநாலு வயதில், காய்ச்சலில் இறந்தார் என்று கேசிகா வாசிக்க, அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கையெழுத்து வைத்தாள். முத்திரை விழுந்தது. ஒன்றும் நடக்கவில்லை. தெருவில் பஸ் போனது, ஒருவன் எலுமிச்சம்பழம் கூவி விற்றான்.

வீட்டுக்கு வந்து கோயில் ஐயருக்குப் போன் எடுத்தாள். ஐயர் கணக்குப் பார்த்து, இவ்வளவு காலம் போன சாவுக்குத் துடக்கோ தீட்டோ இல்லை, தலையில் தண்ணீர் வார்த்தால் போதும் என்றார். "அவவுக்கு ஒருத்தரும் அழேல்லை, ஐயா," என்றாள் குகனேஸ்வரி. "நான் துடக்குக் காக்கிறன்." சரி பிள்ளை என்றார் ஐயர்.

புதன்கிழமை காலை, வேலைக்கு வரமாட்டேன் என்று இரண்டு வீட்டுக்கும் சொல்லிவிட்டுத் தலை முழுகி, கூந்தலை விரித்துக்கொண்டு கூடத்தில் நிலத்தில் இருந்தாள். முகம் தெரியாத ஒருத்திக்கு அழுகை எங்கேயிருந்து வரப்போகிறது என்று நினைத்தாள். அன்னப்பிள்ளையின் வாயைப் பொத்தின கையை நினைத்ததும் வந்துவிட்டது. பதினேழு வயதுப் பிள்ளை, அக்காவின் பிணத்துக்குப் பக்கத்தில், சத்தம் வராமல். குகனேஸ்வரி பெருங்குரலெடுத்து, பெயர் சொல்லி, அக்கா அக்கா என்று அழுதாள். யாரும் அவளுடைய வாயைப் பொத்தவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டு நுன்சியா ஓடி வந்தாள். என் அக்கா செத்துப்போனா என்றாள் குகனேஸ்வரி. கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள், இவளைக் கட்டிப்பிடித்துத் தானும் அழுதாள். இந்த ஊரிலும் செத்த வீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள், அயலார்தான் சாப்பாடு கொண்டுவருவார்கள். மத்தியானம் நுன்சியா இறைச்சி போடாமல் சமைத்த பாஸ்தாவைத் துணியால் மூடி எடுத்து வந்தாள். கூடவே கறுப்புக் கரை போட்ட ஒரு நீளக் கடதாசி. 'என் சகோதரிக்காக' என்று அச்சடித்தது. எந்தச் சாவுக்கு வாங்கி மிஞ்சியதோ, அதை அவளே குகனேஸ்வரியின் வாசற்கதவில் குறுக்காக ஒட்டினாள். கீழ் மாடிக்காரர்கள் ஒவ்வொருவராக ஏறிவந்து கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள். சிவக்கொழுந்துக்கு வந்த முதல் துக்கம் விசாரிப்பு அதுதான்.

பின்னேரம் கிருபனிடமிருந்து செய்தி வந்தது. அவள் படம் எடுத்து அனுப்பின பிரதியைக் கச்சேரியில் பார்த்துவிட்டார்கள், மூலப் பத்திரம் வந்து சேர்ந்தால் உறுதி தருவதாக வாய்ச்சொல் கொடுத்திருக்கிறார்கள். குகனேஸ்வரி அதை வாசித்துவிட்டுப் போனை மடியில் வைத்தாள்.

நுன்சியா பக்கத்தில் கதிரையில் இருந்து, தன்பாட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அப்போதே அவளோடு ஒரு வார்த்தை பேசியிருக்கவேண்டும் என்றாள். எப்போது என்று குகனேஸ்வரி கேட்டாள்.

"செவ்வாய்க்கிழமை காலையில். படியிறங்கிப் போனாள். ஆஸ்பத்திரிக்குப் போகிறாள் என்று நினைத்தேன். அன்றைக்குத்தான் முதல்தரம் முகத்தைப் பார்த்தேன். நீ அக்கா என்றாயே, அது சின்னப் பிள்ளை அல்லவா? இருபத்துநாலு, இருபத்தைந்துக்கு மேல் இராது."

இருட்டுவதற்கு முன் நுன்சியா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போனாள். பேரின்பநாயகம் வேலையிலிருந்து வர நேரம் கிடந்தது. கேசிகாவும் வரவில்லை. குகனேஸ்வரி கூடத்தில் இருந்தபடி குசினிப் பக்கம் பார்த்தாள், அறைப் பக்கம் பார்த்தாள். எல்லா அறையும் வெறும் அறையாக இருந்தது. பிறந்த நாளிலிருந்து இன்றுவரைக்கும் தான் ஒரு வீட்டிலும் தனியாக இருந்ததில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கிற்று. முதல்தரமாக அவளுக்குத் தனிமையில் பயம் வந்தது. எழுந்து போய் வாசற்கதவை உள்ளுக்குள்ளால் பூட்டினாள்.