சிங்கத் தலை வேண்டாம்

போன வாரம் நண்பர் ராஜேந்திரன் வாயில் பைப்போடு டி.வி.யில் வந்தார். வந்தார் என்றா சொல்வது?... இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

ராஜேந்திரன் நூம்பல்காரர். அம்பத்தூரில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது சீரியல்களில் கல்யாணக் கூட்டத்தில் நிற்கிறார். வருஷக்கணக்கில் நின்றவருக்குத் திடீரென்று ஒரு வசனம் கிடைத்தது! பணக்கார மாமனார் வேஷம். ஒரே வரி. புகை பிடிக்கும் பைப்பை அவரே கொண்டுவர வேண்டுமாம்.

நேராக என்னிடம் வந்தார். "மாமே, நீ தான ஊட்டில பைப்பு கடைல இருந்தே? இன்னா பாத்து வாங்கணும், சொல்லு."

இருந்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டு ஊர் ஊராகச் சுற்றிய காலம். ஊட்டியில் அது பழைய சாமான் கடை, பைப்புகள்தான் அதிகம். சம்பளம் கிடையாது, சாப்பாடும் படுக்க ஒரு பெஞ்சும் உண்டு. பைப்புகளைத் துடைப்பது என் வேலை. துடைத்துத் துடைத்தே நல்லது கெட்டது தெரிந்துவிட்டது.

கரையான்சாவடியில், ஷூட்டிங்காரர்கள் பழைய பொருள் வாங்கும் கடைக்குப் போனோம். கடைக்கார அம்மா ஒரு தட்டு நிறையப் பைப்புகளை எடுத்து வைத்தார். ராஜேந்திரனின் கை எங்கே போனது தெரியுமா? சிங்கத் தலை செதுக்கி, பளபளவென்று வார்னிஷ் அடித்த ஒன்றின் மேல்.

புதிதாக வாங்குகிற எல்லோரும் செய்கிற தப்பு! கனத்த வார்னிஷ், மரத்தின் விரிசலை மறைப்பதற்குத்தான் பல நேரம்.

"வாயில வெச்சி வசனத்த சொல்லு" என்றேன்.

"இந்தக் கல்யாணம் ந—"

பைப் சரிந்தது. கூடவே மேல் பல்செட்டும்.

"பைப்ப மட்டும் எடுத்துக்கினு போ அண்ணாத்தே, பல்ல இங்கியே வெச்சிட்டுப் போயிடாதே!" என்றார் கடைக்கார அம்மா.

ராஜேந்திரனும் சிரித்தார். பிறகு முகம் சுருங்கியது. "ஷாட்ல இப்டி ஆச்சுன்னா மறுக்கா கூட்டத்துல தான் நிக்கணும் மாமே."

தட்டின் ஓரத்தில் சின்னதாக ஒன்று கிடந்தது. மரத்தின் ரேகை அப்படியே தெரிந்தது. வளைந்த காம்பு — பாரம் பல்லை இழுக்காது. காம்பும் புகையிலைக் கிண்ணமும் சேருமிடத்தில் நகம் நுழையவில்லை. துடைத்துவிட்டு வெறும் காற்றை இழுத்தேன், தடையில்லாமல் வந்தது.

"இத்த வெச்சிகினா பணக்காரன் மாரி இருக்காதே?"

"எந்தப் பணக்காரன் வாயில சிங்கத்த வெச்சிகினு சுத்துறான்? சொல்லிப் பாரு."

"இந்தக் கல்யாணம் நடக்காது!" என்றார். தெருவில் போன ஒருவர் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார் — யார் வீட்டுக் கல்யாணமோ என்று!

ஷூட்டிங்கில் பைப்பைப் பற்றவைக்கவே வேண்டாம் என்றுவிட்டார்கள். அவர் நெஞ்சுக்கும் நல்லதுதான். ஒரே டேக்கில் ஓகே.

ஒளிபரப்பான அன்று அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தோம். வசனம் வந்தது. திரையிலோ மணப்பெண்ணின் அதிர்ந்த முகம் மட்டும். அப்புறம் அவள் கண்ணீர். அப்புறம் விளம்பரம். ராஜேந்திரனும் இல்லை, பைப்பும் இல்லை!

எனக்கு அவரைத் திரும்பிப் பார்க்கவே தயக்கமாக இருந்தது.

அவர் மனைவிதான் பேசினார். "மூஞ்சி வராட்டி இன்னா இப்போ? ஒரு எழுத்து முழுங்காம கணீர்னு கேட்டுச்சே! அந்தப் பொண்ணு அழுததே உன் கொரலுக்குத் தான்யா."

ராஜேந்திரன் பற்றவைக்காத பைப்பை வாயில் வைத்துக்கொண்டு, மாமனார் தோரணையில் சாய்ந்து உட்கார்ந்தார்.

சிங்கத் தலையை வாங்கியிருந்தால்... அந்தக் கல்யாணம் நடந்தே முடிந்திருக்கும்!