அந்தக் குழந்தைக்கு மூன்று மடி

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு புதன்கிழமை. ஒன்பது மாத மகளுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு, கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்தில் தியாகதுருகம் பேருந்துக்காக நின்றிருந்தேன். தடுப்பூசி எங்கள் ஊரிலேயே போடுவார்கள். எனக்குத்தான் மனம் ஒப்பாது. எதையும் இரண்டு முறை விசாரித்து, மூன்றாவது முறையும் சந்தேகப்படுகிறவள் நான். கணவருக்கு ஓசூரில் வேலை. மாமியார் இல்லை. அம்மா திருக்கோவிலூரில், படுக்கையில் இருக்கும் அப்பாவை விட்டு நகர முடியாதவர். மகளைப் பக்கத்து வீட்டு அக்கா ஆசையாகக் கேட்டால்கூடக் கொடுக்க மாட்டேன்.

சுவரோரம், மூடிக் கிடந்த ஒரு கடையின் முன்னால் பார்வையில்லாத பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். அறுபது வயது இருக்கும். பக்கத்தில் நான்கைந்து மூட்டைகள், ஒரு தார்ப்பாய். இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று அம்மா, அம்மா என்று அழுதுகொண்டிருந்தது. அதன் காலில் ஒரு புடவைக் கிழிசல் கட்டியிருந்தது. மறுமுனை அவருடைய மணிக்கட்டில். குழந்தை எழுந்து நடந்தால் அவர் துணியைச் சுண்டி இழுத்தார்.

சற்று நேரத்தில் சீப்பும் ஊக்கும் விற்கும் நடுவயதுப் பெண் ஒருத்தி வந்தாள். ஒரு பாட்டிலிலிருந்து எதையோ மூடியில் ஊற்றிக் குழந்தையின் வாயில் புகட்டினாள். கொஞ்ச நேரத்தில் அழுகை அடங்கி, குழந்தை அவர் மடியிலேயே தூங்கிப்போனது.

மயக்க மருந்து கொடுத்துக் குழந்தைகளைப் பிச்சைக்கு வைத்துக்கொள்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் எத்தனை வீடியோ பார்த்திருப்பேன். தூணுக்குப் பின்னால் போய்க் குழந்தைகளுக்கான உதவி எண்ணுக்கு போன் செய்தேன். அங்கேயே இருக்கச் சொன்னார்கள். இரண்டு பேருந்துகளை விட்டேன்.

ஒரு பெண் அதிகாரியும் பெண் போலீஸ் ஒருவரும் வந்தார்கள். மரியாதையாகத்தான் கேட்டார்கள்.

"யார் குழந்தை இது?"

"எங்க புள்ளதாங்க" என்றார் பெரியவர்.

"எங்கன்னா யாருது?"

"பெத்தவ பாத்திரம் கழுவினு இருக்கா மேடம். இருங்க, இட்டாரேன்" என்று சொல்லிவிட்டுச் சீப்புக்காரி ஒரு டிபன் கடையின் பின்பக்கம் ஓடினாள்.

ஈரக்கையோடு, ஏற்றிச் செருகிய புடவையோடு ஒரு சின்னப் பெண் ஓடிவந்தாள். என்னைவிட இளையவள். கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்கும் அப்பால் ஏதோ சிற்றூர். வேலைக்குப் போன இடத்திலேயே புருஷன் வேறு குடும்பம் தேடிக்கொள்ள, மழையில் வீட்டுச் சுவரும் விழுந்துவிட, குழந்தையோடு கீழே இறங்கி வந்தவள். குழந்தை பிறந்தது வீட்டில். பிறப்புச் சான்றிதழ் இல்லை. குழந்தையின் பெயரில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை.

"உன் குழந்தைதான்னு தெரியிற வரைக்கும் விட முடியாதும்மா. ஆபீசுக்கு வாங்க" என்று அதிகாரி குழந்தையைத் தூக்கினார். அது விழித்துக்கொண்டு வீறிட்டது. தாயைப் பார்த்துக் கை நீட்டியது, பிறகு சீப்புக்காரியைப் பார்த்து, பிறகு பெரியவரைப் பார்த்து. அடுத்த பேருந்தில் ஏறியிருக்கலாம். ஏற முடியவில்லை. அவர்கள் பின்னாலேயே நடந்தேன்.

அலுவலகத்தில் ஒவ்வொருவராகக் கேட்டார்கள். கடைசியாக எப்போது காய்ச்சல் வந்தது என்று கேட்டதற்குத் தாய் திணறினாள். காலை ஐந்து மணிக்குப் போனால் மூன்று மணிக்குத்தான் வருவாளாம். எழுதிக்கொண்டிருந்த அதிகாரியின் பேனா நின்றது. தாயின் முகம் வெளுத்துப் போனது.

"நேத்து காலைலேர்ந்து மேடம்" என்று வாசலிலிருந்தே குரல் கொடுத்தாள் சீப்புக்காரி. இடுப்புப் பையிலிருந்து அரசு மருத்துவமனைச் சீட்டை எடுத்து நீட்டினாள். அன்று காலை அவள்தான் வரிசையில் நின்று வாங்கியிருக்கிறாள். நான் மயக்க மருந்து என்று நினைத்தது காய்ச்சல் மருந்து.

"எடது காது வலிதாங்க" என்றார் பெரியவர். "படுத்தா அந்தப் பக்கத்தத் தேச்சினே இருப்பா. சோத்த முழுங்காம வாய்லயே வச்சிக்குவா. எனக்குச் சத்தத்துலயே தெரிஞ்சிடும். பஸ்ஸுல போய் வுழுந்துடப் போறாளேன்னுதான் கால்ல துணி கட்டினேன். கண்ணு இருந்தா எதுக்குக் கட்டப் போறேன்?"

"நீங்க இந்தக் குழந்தைக்கு என்ன உறவு?"

சீப்புக்காரிக்குக் கோபம் வந்துவிட்டது. "மழ வந்தா நாலு பேரும் ஒரே தார்ப்பாய்ல ஒண்டிக்கிறோம். அதுக்கு இன்னா பேரோ, அத எழுதிக்குங்க."

அதிகாரி சிரித்துவிட்டார். எதையோ எழுதினார். என்ன எழுதினார் என்று தெரியவில்லை.

வெளியே தாழ்வாரத்தில் காத்திருந்தபோது எனக்கு அடக்க முடியவில்லை. நான்தான் போன் செய்தேன் என்று சொல்லிவிட்டேன்.

சீப்புக்காரி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீயா? புள்ளய இடுப்ப வுட்டு எறக்காம தூண் பின்னாடி நின்னுக்கினு இருந்தியே, அப்பவே நெனச்சேன். எங்கிட்ட வந்து, இன்னாக்கா ஊத்தறன்னு ஒரு வார்த்த கேட்டா வாய் தேஞ்சா போயிடும்?"

"வுடு" என்றார் அவர். "நெசமா கடத்தினு வந்தவனா நான் இருந்தா? இந்தப் பொண்ணு காப்பாத்தியிருக்கும் இல்ல?"

அதைக் கேட்டுத்தான் அழுகை வந்தது. அவரும் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என்னோடு சேர்ந்து என் மகளும் ஊசி வலியில் சிணுங்கினாள். அவர் இரண்டு கைகளையும் நீட்டி, "குடும்மா. நீ போய் மூஞ்சி கழுவினு வா" என்றார்.

கொடுத்தேன். இன்றைக்கும் எனக்கே நம்ப முடியவில்லை. தொட்டதுமே, "இந்தத் தொடையிலதான ஊசி? சுடுதே" என்று சொல்லி, அந்தக் கால் அழுந்தாமல் மடியில் திருப்பிப் போட்டுக்கொண்டார். சீப்புக்காரி முந்தானையால் விசிறினாள். மகள் அடங்கிவிட்டாள். நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். பகல் வேளையில் என் இரண்டு கைகளும் காலியாக இருந்தது ஒன்பது மாதத்தில் அதுதான் முதல் தடவை.

மாலைக்குள் முடிவு சொன்னார்கள். குழந்தை அவளுடையதுதான், பிரிக்கப் போவதில்லை. ஆனால் தெருவில் விட முடியாது. வேறு ஊரில் தாயும் பிள்ளையும் தங்க ஒரு இல்லம் இருக்கிறது. சான்றிதழும் வாங்கித் தருவார்கள்.

"இவங்களும் வரலாமா?" என்று கேட்டாள் அந்தப் பெண். பெண்களும் குழந்தைகளும் மட்டும் என்றார்கள்.

"அப்ப நீயாவது வாக்கா. நீ பொம்பளதான?"

சீப்புக்காரி பார்வையில்லாதவரைப் பார்த்தாள். "நானும் வந்துட்டா இவர யாரு ரோடு தாண்டி வுடுவா? போடி. புள்ள கூரைக்கடியில தூங்கட்டும்."

ஜீப் புறப்படும்போது அவர் ஜன்னலைத் தடவிப் பிடித்துக்கொண்டு, காதில் தண்ணீர் படாமல் குளிப்பாட்டும்படி திரும்பத் திரும்பச் சொன்னார். ஜீப் போன பிறகும் அதே இடத்தில் நின்றார். சீப்புக்காரி அவர் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, "வூட்டுக்குப் போ. உம் புள்ளைக்கு ஈரத்துணி போட்டு எடு" என்றாள்.

மறுமாதம் ஒரு புடவையும் போர்வையும் எடுத்துக்கொண்டு போனேன். அந்த இடத்தில் யாருமில்லை. பூக்காரம்மாவிடம் விசாரித்தேன். குழந்தை போன பிறகு அவருக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லையாம், இருவரும் ஏதோ பேருந்தில் ஏறிப் போய்விட்டார்களாம். அதன் பிறகு எந்த ஊர் பேருந்து நிலையத்தில் இறங்கினாலும் சுவரோரமாக ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் நடக்கிறேன்.

நான் செய்தது சரியா தவறா என்று எத்தனையோ முறை யோசித்துவிட்டேன். அந்தக் குழந்தைக்கு ஒரு கூரை கிடைத்தது என்னால்தான். மூன்று மடியில் இரண்டு போனதும் என்னால்தான். வீடும் கதவும் பூட்டும் உள்ள நான், மகள் ஓயாமல் அழுகிற சாயங்காலங்களில், "குடும்மா" என்று நீண்ட அந்த இரண்டு கைகளுக்காக ஏங்கிப்போகிறேன்.