இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த பொம்மை

அந்தப் பொம்மைக்குக் கைகளும் இல்லை, கால்களும் இல்லை. இடுப்போடு முடிந்துபோன ஓர் ஆண் உடம்பு. பாதி திறந்த வாய், முடி இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று ரப்பர். மூச்சு நின்றுபோனவரின் நெஞ்சை எப்படி அழுத்த வேண்டும் என்று பழகுவதற்காகச் செய்யப்பட்டது. திருப்பதிக்கு வெளியே இருந்த அந்தக் கம்யூனிட்டி காலேஜில் நாங்கள் படித்த காலம் முழுவதிலும் அது ஒரே ஒருநாள் வந்தது. வந்த அன்றைக்கே திரும்பிப் போயிற்று.

நான் நகரிக்காரி. இன்டர் என்கிற பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தவளை, ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் வேலைக்கான பயிற்சி என்று சொல்லிச் சேர்த்துவிட்டார்கள். படிப்பு முடித்தால் உடனே வேலை என்று வாசலிலேயே பெரிதாக எழுதி வைத்திருந்தார்கள். ஹாஸ்டலில் என் பக்கத்துக் கட்டில், நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிட்டவருடையது. பாலசமுத்திரத்துப் பக்கம், விவசாயக் குடும்பம். முப்பது வயதைத் தாண்டியவர்; பிள்ளைகளை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தார். நாங்கள் எல்லோரும் ஏதோ ஒரு வேலை கிடைத்தால் போதும் என்று வந்தவர்கள். அக்கா மட்டும் ஒரே ஒரு காரியத்தைக் கற்றுக்கொள்ள வந்திருந்தார். அது என்னவென்று முதல் வாரமே, தன் அப்பா இறந்த கதையோடு என்னிடம் சொன்னார்.

"நைனா துன்னுக்கினே இருந்தாரு பாப்பா, அப்டியே சாஞ்சிட்டாரு. மூச்சு இல்ல. அல்லாரும் சுத்தி நின்னுக்கினு அழறோம். ஒருத்தர் தண்ணி தெளிக்கறாரு, ஒருத்தர் உள்ளங்கால தேய்க்கறாரு. ஆம்புலன்ஸ்ல வந்த புள்ள கேட்டுச்சு, நெஞ்ச அழுத்துனீங்களான்னு. அப்டி ஒண்ணு இருக்குன்னே எங்க யாருக்கும் தெரியாதே."

எங்களுக்குப் பாடம் நடத்திய சார் வணிகவியல் படித்தவர். புத்தகத்தைத் திறந்து எங்களில் ஒருத்தியை வாசிக்கச் சொல்லிவிட்டு, போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியைப் படத்தில்தான் பார்த்தோம். படுக்கையில் இருப்பவரைப் புரட்டிப் படுக்க வைப்பது எப்படி என்பதை மனப்பாடம் செய்தோம். வகுப்பில் படுக்கை என்று ஒன்று கிடையாது. நெஞ்சை அழுத்தும் பாடம் எப்போது வரும் என்று அக்கா ஓயாமல் கேட்பார். "வஸ்துந்தி, வஸ்துந்தி" என்பார் சார். வரும், வரும். அந்த வார்த்தையை இன்றைக்கு யார் வாயிலிருந்து கேட்டாலும் எனக்கு உடம்பு எரிகிறது.

மேலிருந்து அதிகாரிகள் பார்வையிட வந்த நாளில், காலையிலேயே ஒரு டெம்போ வந்து நின்றது. கட்டில், சக்கர நாற்காலி, ஆக்சிஜன் சிலிண்டர், கடைசியாக இந்தப் பொம்மை. எங்களுக்கு வெள்ளைக் கோட்டுகள் கொடுத்தார்கள். யார் எதன் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று பிரின்சிபாலே நேரில் வந்து நிறுத்தினார். அக்கா போய்ப் பொம்மையின் பக்கத்தில் நின்றுகொண்டார். அந்த இடத்துக்கு வேறு யாரையும் விட்டிருக்க மாட்டார். அவர் முகத்தில் அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை நினைத்தால்தான் எனக்குக் கோபம் இன்னும் அதிகமாகிறது. அவர் நம்பிவிட்டார். பாடம் வந்துவிட்டது என்று நம்பிவிட்டார்.

அதிகாரிகள் வந்தார்கள். எங்களிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அக்காவைப் பொம்மையின் நெஞ்சில் கை வைக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். பக்கத்து அறையில் பிரியாணி தயாராக இருந்தது. அவர்களுடைய கார் கேட்டைத் தாண்டியதும் டெம்போவின் பின்கதவைத் திறந்தார்கள். கட்டில் ஏறியது, சிலிண்டர் ஏறியது. பொம்மையை எடுக்க வந்த டிரைவரை அக்கா கிட்டே விடவில்லை.

"இன்னும் சொல்லித்தரலயே. சொல்லிக் குடுத்த பின்னாடி எடுத்துக்கினு போங்க."

"லேட் ஆகுதும்மா. நாளைக்கு சித்தூர்ல வேற காலேஜுக்கு இன்ஸ்பெக்‌ஷன், அங்க எறக்கணும்" என்றார் டிரைவர். அவர் அதை ஒளிக்கவில்லை. ஷாமியானா போட வந்தவர் பேசுவது போலத்தான் பேசினார்.

அக்கா பொம்மையை இரண்டு கைகளாலும் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு வகுப்புக்குள் போய்விட்டார். பின்னாலேயே நாங்களும் போனோம். சாரும் பிரின்சிபாலும் ஓடி வந்தார்கள். அக்கா பொம்மையை மேசைமேல் படுக்க வைத்துவிட்டு விலகி நின்றார்.

"சார், நீங்க ஒருவாட்டி செஞ்சு காமிங்க. பாத்துக்கினு குடுத்துடறேன்."

சார் மேசை அருகில் போனார். பொம்மையைப் பார்த்தார். கையை அதன் வயிற்றின்மேல் வைத்தார். பிறகு எடுத்துக் கழுத்துக்குப் பக்கத்தில் வைத்தார். பிரின்சிபாலைத் திரும்பிப் பார்த்தார். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது! உயிரைக் காப்பாற்றக் கற்றுக்கொடுக்கிறோம் என்று பலகை மாட்டியிருந்த கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது.

அக்கா சத்தம் போடவில்லை. "அப்ப நாங்க வெளிய போயி யாரச் சாவடிக்கறதுக்கு இந்தப் படிப்பு?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் அவரை ஹாஸ்டலை விட்டு அனுப்பிவிட்டார்கள். மற்ற மாணவிகளைத் தூண்டிவிட்டார் என்று காரணம் சொன்னார்கள். நாங்கள் பிரின்சிபால் அறை வாசலில் போய் நின்றோம். எங்கள் வீடுகளுக்குப் போன் போட்டார்கள். அப்பாக்கள் வந்து எங்களைத் திட்டி வகுப்புக்குள் அனுப்பினார்கள். அடுத்த வருஷச் சேர்க்கைக்காகத் திருப்பதி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஃப்ளெக்ஸ் கட்டினார்கள். அதில் இருந்தது அக்காவின் படம். முகத்தை வெட்டிவிட்டு, பொம்மையின் நெஞ்சில் பதிந்திருந்த இரண்டு கைகளை மட்டும் பெரிதாகப் போட்டிருந்தார்கள். துரத்தப்பட்டவளின் கைகளைக் காட்டி ஆள் பிடித்தார்கள்.

எனக்குச் சித்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அங்கே இருந்த ஹெட் நர்ஸ் முதல் நாளே எங்கள் காலேஜின் பெயரைக் கேட்டதும், "அங்கிருந்தா? சரி, ஒண்ணுமே தெரியாதுன்னு வச்சிக்கினு ஆரம்பிக்கலாம்" என்றார். அவமானமாக இருந்தது. ஆனால் அவர் சொன்னது உண்மை. நெஞ்சை அழுத்துவதை அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொள்ள ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது. ஒரே ஒரு மத்தியானம். அதைக்கூட எங்களுக்குக் கொடுக்க அவர்களுக்கு மனமில்லை.

அக்கா இப்போது பாகாலாவில் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் டிபன் கடை நடத்துகிறார். வேறு எங்கேயாவது சேர்ந்து படிக்கலாமே என்று நான் பலமுறை சொல்லிப் பார்த்தேன். "வீட்ல ஒருவாட்டிதான் வுடுவாங்க பாப்பா" என்று சொல்லிவிட்டார்.

போன மாதம் காலேஜிலிருந்து போன் வந்தது. இங்கே படித்து நல்ல நிலைக்கு வந்தவர்களை மேடையேற்றப் போகிறார்களாம். நான் வந்து மாணவிகளுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டுமாம். அதே பிரின்சிபால்தான் பேசினார். வருகிறேன் என்றேன். பிறகு அக்காவைக் கூப்பிட்டேன்.

"இன்னா பேசப் போற?" என்று கேட்டார்.

"நடந்தத."

"அப்ப நானும் வரேன். கடைய ஒருநாள் மூடிக்கலாம்."

நான் சித்தூரிலிருந்து வந்த பஸ்ஸில் அவர் பாகாலாவில் ஏறினார். கேட்டில் யாரும் அவரை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். என்னை மேடைக்கு அழைத்து, சால்வை போர்த்தி, மைக்கைக் கொடுத்தார்கள். எதிரே எல்லாம் அன்றைக்கு நாங்கள் இருந்த வயதுப் பெண்கள். நான் தெலுங்கில் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். பக்கத்தில் இருப்பவருக்கு மூச்சு நின்றுபோனால் என்ன செய்ய வேண்டும் என்று இங்கே யாருக்காவது சொல்லிக் கொடுத்திருக்கிறார்களா?

மைக் அணைந்துபோனது. கரண்ட் போகவில்லை, மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்தது. பிரின்சிபால் சிரித்துக்கொண்டே, "உட்காரம்மா, டைம் ஆகிவிட்டது" என்றார்.

நான் பவர்லூம் ஓடும் வீட்டில் பிறந்தவள். அந்தச் சத்தத்துக்கு மேல் பேசித்தான் எங்கள் வீட்டில் சோறே கேட்க முடியும். மைக்கை அவர் கையில் கொடுத்துவிட்டு, அதே கேள்வியை அந்த ஹால் முழுக்கக் கேட்கும்படி மறுபடியும் கேட்டேன்.

பிறகு நடு வரிசையில் ஒல்லியாக ஒரு பெண் எழுந்தாள். பிரின்சிபாலைப் பார்க்கவே இல்லை. "மாக்கு கூடா செப்பலேது, அக்கா" என்றாள். எங்களுக்கும் சொல்லித்தரவில்லை, அக்கா.

அவள் உட்காரவில்லை. அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி எழுந்தாள்.