சாய்வுப்பாதைக்கு வாழைமரம்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். எங்கள் ஊர் பெக்கோக்கில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த வாய் இல்லையென்றால் எங்கள் தமிழ்ப்பள்ளிக்குச் சாய்வுப்பாதையே வந்திருக்காது என்பார் என் வீட்டுக்காரர். அது முழு உண்மை இல்லை. மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கென்று அரசாங்கம் ஒதுக்கீடு போட்டது, குத்தகையாளர் வந்தார், கட்டினார். நான் நடுவில் ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து அதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

என் மகளால் நடக்க முடியாது, சக்கர நாற்காலிதான். வாயில் மட்டும் என்னை மிஞ்சுவாள். பள்ளியில் சேர்த்த நாள் முதல், காலையில் அவளைத் தூக்கிக்கொண்டு படியேறி வகுப்பில் உட்காரவைப்பேன். பிறகு பள்ளி முடியும்வரை கெந்தீனிலேயே, அந்தச் சாப்பாட்டுக் கடையிலேயே கிடப்பேன், ஏனென்றால் கழிவறைக்கும் படி. அவள் வளர வளர அது அவளுக்கு வெட்கமாகிவிட்டது. எல்லோரும் பார்க்க அம்மா இடுப்பில் போக எந்தப் பிள்ளைக்குத்தான் பிடிக்கும்? புதிய கழிவறையும் சாய்வுப்பாதையும் முடிந்த வாரம் முழுக்க வீட்டில் ஒரே பேச்சு. "நானே ஏறுவேன், நீங்க பிடிக்கக்கூடாது."

திறப்பு அன்று பள்ளி நாள்தான். கல்வி இலாகாவிலிருந்து ஒரு மலாய் அதிகாரி வருவதாக இருந்தது. நாங்கள் முன்னதாகவே போனோம். பார்த்தால், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தார் நம் வழக்கப்படி அமர்க்களப்படுத்தியிருந்தார்கள். சாய்வுப்பாதையின் இரண்டு கைப்பிடியிலும் குலை தள்ளிய வாழைமரம், பாதி வழியை அடைத்துக்கொண்டு. அடியில் பெரிய ரங்கோலி. அதைத் தாண்டினால் பன்னீரும் சந்தனமும் வைத்த மேசை. யாரை வரவேற்பது என்று யோசித்தவர்கள், யார் ஏற வேண்டும் என்பதை மறந்தே போனார்கள்.

சங்கத் தலைவர் ஓடி வந்தார். நல்ல மனுஷன்தான்.

"அக்கா, இன்னிக்கு மட்டும் பாப்பாவ தூக்கிட்டு போயிருங்களேன். அதிகாரி வந்து போனதும் எல்லாத்தையும் எடுத்துரலாம் லா."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "இத வாழமரம் கட்டவா கேட்டு வாங்குனோம்?" என்று ஆரம்பித்தேன். என் மகள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மாமா, ரொம்ப அழகா இருக்கு. ஆனா என் சக்கரம் போவாதே."

அவர் நாற்காலியைப் பார்த்தார், வாழைமரங்களைப் பார்த்தார். "அலமாக்" என்று நெற்றியில் அடித்துக்கொண்டு, கெந்தீனிலிருந்து கத்தி வாங்கி வந்து கயிற்றை அறுத்தார். ஆசிரியர்கள் மேசையைத் தூக்கினார்கள். ரங்கோலி போட்டது தலைவரின் மனைவி. விடியுமுன் வந்து போட்டிருக்கிறார் பாவம். "ஏறிப் போ கண்ணு, நாளைக்கு வேற போட்டுக்கலாம்" என்றார். அந்த அம்மாவை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

அதிகாரி வந்தபோது மகள் பாதி ஏறியிருந்தாள். அவரும் கீழேயே நின்றுவிட்டார். ஓரிடத்தில் சக்கரம் பின்னால் நழுவியது. என் கால் தானாக முன்னே போனது.

"வேணாம்மா," என்றாள், திரும்பாமலே.

நின்றேன். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி தள்ளினாள். மேலே சேர்ந்ததும் நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தாள். முகமெல்லாம் வியர்வை, முகமெல்லாம் சிரிப்பு.

"நீங்க வீட்டுக்குப் போங்கம்மா. பள்ளி விடும்போது வந்தா போதும்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கெந்தீன் பக்கம் திரும்பியவள், நினைவு வந்து வாசலுக்கு நடந்தேன். இந்த நேரத்தில் வீட்டுக்குப் போய் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.