பரணில் ஒலித்த மேடைக்குரல்

இந்நாட்டில் நான் காற்புள்ளியையும் வாய்விட்டே சொல்கிறேன். "மேற்குப் பக்கக் கூரை நனைந்திருக்கிறது கமா மரச்சட்டம் உளுத்திருக்கிறது ஃபுல்ஸ்டொப்" என்று உள்ளங்கையளவு ஒலிப்பதிவுக் கருவியிடம் ஆங்கிலத்தில் ஒப்புவிக்கிறேன். லண்டன் புறநகரில் மழையால் சேதமுற்ற வீடுகளைப் பார்வையிட்டுக் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிக்கை தருவது என் வேலை. மாலையில் கருவியைக் கணினியோடு இணைத்தால், அதிலுள்ள மென்பொருள் என் பேச்சை எழுத்தாக்கிவிடும். ஊரிலிருந்து இதை வாசிக்கும் உங்களுக்கு இது மந்திரம்போலத் தோன்றலாம். அந்த மந்திரம்தான் என் வேலைக்கு உலைவைக்கப் பார்த்தது.

மென்பொருளுக்கு முதலில் நம் குரலைப் பழக்க வேண்டும். திரையில் தோன்றும் பந்தியை இயல்பாக வாசிக்கச் சொன்னது. நான் எழுந்து நின்றேன். மலையகத்து மஸ்கெலியாவில் பாடசாலை விவாத அணியில் வளர்ந்தவனுக்கு அதுவே இயல்பு. எங்கள் மண்டபத்துக்குத் தகரக் கூரை; ஒலிவாங்கி கிடையாது. ஜூன் மாத மழை தகரத்தில் இறங்கும்போது, கடைசி வரிசை வாங்கில் இருப்பவருக்குக் கேட்காத வாதம் வாதமே அன்று. நெஞ்சிலிருந்து குரலெடுத்து, வாக்கியத்தின் இறுதிச் சொல்லை உயர்த்தி நிறுத்த வேண்டும். அப்படித்தான் ஹட்டனிலும் தலவாக்கலையிலும் கிண்ணங்களை வென்றோம். "மழைக்கே பதில் சொன்னவங்க நாங்க, ஒங்களுக்குச் சொல்ல மாட்டோமா?" என்று எதிரணியைச் சீண்டுவான் எங்கள் அணித்தலைவன் மகேந்திரன். அந்தக் குரலில்தான் பந்தி முழுவதையும் வாசித்தேன். அதன்பின் நான் சொன்ன எதையும் மென்பொருள் பிசகாமல் எழுதியது. இயந்திரமும் என் பேச்சுக்குக் கட்டுப்பட்டதென்று பெருமைப்பட்டேன்.

தகுதிகாண் காலம் முடியவிருந்த வாரத்தில் மேலாளர் கரோல் அழைத்தார். வேலை போனால் விசாவும் போகும்.

"நேற்றைய வீட்டில் அந்த அம்மையாரை ஏன் திட்டினீர்கள்?"

"அவரோடு நான் பேசவே இல்லையே. பரணில் தனியாக இருந்தேன்."

"அவர் ஏணியடியில் நின்றிருக்கிறார். 'பராமரிப்பு இல்லை, பல்லாண்டு அலட்சியம்' என்று கத்தினீர்களாம். அழுதபடி தொலைபேசியில் முறையிட்டார்."

"அது அறிக்கை."

"அறிக்கையை யார் கத்துவார்கள்? தணிந்த குரலில் சொல்லிக் காட்டுங்கள்."

உட்கார்ந்து, தணிந்து, சொன்னேன். திரையில் ஒன்றோடொன்று ஒட்டாத சொற்கள் சிதறின. மீண்டும் சொன்னேன், இன்னும் மோசமாயிற்று. கரோலின் பார்வை திரையிலிருந்து என்மீது திரும்பியது. அறிக்கை என்று நான் சொன்னது பொய் என்றே எண்ணியிருப்பார். அனுமதி கேட்டு எழுந்தேன். பாதங்களை ஊன்றி, அந்த வீட்டின் கூரையைப்பற்றி மஸ்கெலியாக் குரலில் முழங்கினேன். அலுவலகத் தடுப்புகளுக்கு மேலே தலைகள் முளைத்தன. ஒருவர் தொலைபேசியைக் கையால் பொத்தினார். அறிக்கை பழுதின்றித் திரையில் நின்றது. பழக்கத்தால் கைதட்டலுக்குக் காத்திருந்தேன். எவரும் தட்டவில்லை.

"இயந்திரம் உங்களோடு உடன்படுகிறது. வாடிக்கையாளர் உடன்படவில்லை. வெள்ளிக்கிழமை நானும் உங்களோடு வருவேன்" என்றார் கரோல்.

அன்று மாலையே புதிய பயனராகப் பதிந்து, அதே பந்தியை மறுபடி வாசித்தேன். முதுகை நாற்காலியில் அழுத்திக்கொண்டேன். எழும்பிய கையைத் தொடைக்கடியில் வைத்தேன். ஒவ்வொரு வாக்கிய முடிவிலும் குரல் தானாக மேலேறியது. ஒவ்வொரு முறையும் அதைப் பிடித்துக் கீழே இழுத்தேன். வென்ற கிண்ணங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுப்பதுபோல் இருந்தது. வெள்ளிக்கிழமை, வேறொரு வீட்டின் பரணில், ஏணியடியில் கரோல் நிற்க, மெல்லப் பேசினேன். "ஆரம்பித்துவிட்டீர்களா?" என்று கீழிருந்து கேட்டார். முடித்தே விட்டிருந்தேன். திங்களன்று வேலை நிரந்தரமாயிற்று.

மகேந்திரன் இப்போது மஸ்கெலியாவில் ஆசிரியன். தொலைபேசியில் கதையைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

"என்னா மச்சான், ஒரே ஆளு ரெண்டு பேரா ஆயிட்டியா? ஒருத்தன் ஒட்டிப் பேசுறான், மத்தவன் வெட்டிப் பேசுறான். சரி, நடுவரு யாருடா?"

அழைப்புக் காசு கரைகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பழைய பயனர் பதிவை அழித்துவிடும்படி கரோல் சொல்லியிருக்கிறார். கணினியில் வீணாக இடம் பிடிக்கிறதாம். ஆகட்டும் என்றேன், அழிக்கவில்லை. காலைதோறும் திரை கேட்கிறது: பேசுபவர் யார்? கீழே என் பெயர் இரண்டு முறை இருக்கிறது. இரண்டாவதைத் தெரிவுசெய்து, அடுத்த அறைக்குக் கேட்காதவாறு, யாரோ ஒருவருடைய கூரை எங்கே ஒழுகுகிறது என்று சொல்லத் தொடங்குகிறேன்.