லத்தீன் அக்காவும் வீங்கிய காலும்

“‘இன்’னா உள்ள. ‘ஜெக்ட்’னா எறியறது. ஊசியை உள்ள எறியறாங்க, அதான் இன்ஜெக்‌ஷன்!” சீட்டில் முத்திரை குத்திக்கொண்டே அவர் விளக்க, ஊசி போட்டுக்கொள்ள வந்த ஆள் இரண்டடி பின்வாங்குகிறார்.

மருத்துவமனை முன்மேசையில், எந்த டாக்டரிடம் போக வேண்டுமென்று சீட்டு எழுதித் தருபவர் அவர். வயது நாற்பத்தாறு. நர்ஸுகள் வைத்த பெயர் ‘லத்தீன் அக்கா’. பதினோரு வருஷம் ஃபைல் அறையில் தூசி தின்றவரைப் போன மாதம்தான் வெளியே கொண்டுவந்தார்கள், ஒரு நிபந்தனையோடு: ஆங்கிலத் தேர்வில் தேற வேண்டும். தவறினால் மறுபடி தூசி. அத்தனை வார்த்தைகளை இந்த வயதில் எப்படி உருப்போடுவது? பழைய புத்தகக் கடையில் லத்தீன் வேர்ச்சொல் புத்தகம் ஒன்று அகப்பட்டது. நூறு வேர் தெரிந்தால் போதுமாம். மீதியைப் பிய்த்துப் பார்த்தே புரிந்துகொள்ளலாமாம். அன்றிலிருந்து பிய்க்கிறார்.

வீட்டிலும் விடுவதில்லை. “டீ ஆறுது” என்று கணவர் குரல் கொடுத்தால், “இன்டர்ரப்ட் பண்ணாதீங்க. ‘ரப்ட்’னா உடைக்கிறது. உடைஞ்சா நீங்களா ஒட்டுவீங்க?”

கணவர் தையல்காரர். “தைச்சுத் தரேன்” என்கிறார்.

போன வாரம், வீங்கிய காலோடு ஒரு பெரியவர் வந்தார். மணிக்கட்டில் கட்டோடு அவருக்குப் பின்னால் நின்றவன் நான். அக்கா பிரிவுகளின் பட்டியலில் விரலை ஓட்டினார். “மிதிக்கிற பெடல், நடந்துபோற பெடஸ்ட்ரியன், எல்லாத்துலயும் அதே மூணு எழுத்து, பி-இ-டி. ‘பெட்’னா கால். ஐயா, நாலாவது மாடி, பீடியாட்ரிக்ஸ்!”

அரைமணியில் பெரியவர் நொண்டிக்கொண்டே திரும்பி வந்தார். மேலே குழந்தைகள் பிரிவில் குட்டி மஞ்சள் நாற்காலியில் உட்கார்த்தி வைத்தார்களாம். நர்ஸ் தலை நிமிராமல் வயது கேட்டிருக்கிறார்.

“எழுபத்தொண்ணு.”

“மாசமா, நாளா?”

வரிசையே சிரித்தது. மேற்பார்வையாளர் மட்டும் சிரிக்கவில்லை.

அக்காவின் முகம் சுண்டிவிட்டது. “லத்தீன்ல அது கால் சார். கிரேக்கத்துல குழந்தையாம். இப்பத்தான் பார்த்தேன். தப்பு என்னுதுதான்.”

“எந்த பாஷையா இருந்தா என்ன? இன்னொரு தடவை நடந்தா தேர்வே கிடையாது. நேரா ஃபைல் ரூம்தான்.”

“விடுங்க சார்,” என்றார் பெரியவர். “அறுபது வருஷம் கழிச்சு ஒரு டாக்டர் எனக்கு மிட்டாய் குடுத்திருக்காரு.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு அக்கா தானே சக்கர நாற்காலியை உருட்டி வந்தார். எலும்பு டாக்டரிடம்தான் நானும் போக வேண்டும், பின்னாலேயே நடந்தேன். ஆர்த்தோபீடிக்ஸ் என்ற பலகைக்கு முன்னால் நாற்காலி சட்டென்று நின்றது.

“ஐயோ, இதுக்குள்ளயும் அந்த மூணு எழுத்து இருக்கே! இது காலா, குழந்தையா?”

“தள்ளும்மா தாயே,” என்றார் பெரியவர்.

அக்கா தள்ளவில்லை. கதவை விரல் நுழையும் அளவுக்குத் திறந்து, ஒற்றைக் கண்ணை உள்ளே விட்டார். மாவுக்கட்டுப் போட்ட பெரிய பெரிய கால்கள் வரிசையாக நீட்டிக்கொண்டிருந்தன. அதற்குப் பிறகுதான் நாற்காலியின் பிரேக்கை விடுவித்தார்.