மாமியார் சொன்ன மாதக் கணக்கு

திருவனந்தபுரத்தில் நான் நர்ஸாக இருந்த பெண்கள் ஆஸ்பத்திரியில் அந்த நாளில் ஒரு வழக்கம். டாக்டரம்மா கேட்பார், கூட வந்த மாமியார் பதில் சொல்வார், நோயாளி தலை குனிந்து நிற்பாள். மாமியார் சொன்னதுதான் கேஸ் ஷீட்டில் ஏறும்.

ஸ்ரீவராகத்திலிருந்து வந்த மீனாட்சிக்கும் அப்படித்தான் நடந்தது. கல்யாணமாகிச் சில வருஷங்கள். குழந்தை இல்லை.

"மாசமுறை கிரமமா உண்டோ?" என்றார் டாக்டரம்மா.

"அதிலொண்ணும் குறைச்சல் இல்லை டாக்டரே. மாசம் தவறாம கொல்லை ரூம்ல ஒதுங்கி உக்காந்துடறா. நான்தானே சாதம் கொண்டு வைக்கறேன், எனக்குத் தெரியாதா?"

'ரெகுலர்' என்று எழுதி டானிக் கொடுத்தார். வருஷக்கணக்கில் அதே டானிக்தான்.

ஒருநாள் மாமியார் கம்பவுண்டரிடம் மருந்து வாங்கப் போயிருந்தார். நான் மீனாட்சிக்கு எடை பார்த்துக்கொண்டிருந்தேன். மஞ்சள் தேய்த்துத் தேய்த்து அவள் மோவாய் புண்ணாகியிருந்தது.

"இந்த முடி போக மருந்துண்டா சிஸ்டர்?" என்றவள் அழ ஆரம்பித்தாள். "எனக்கு நாலஞ்சு மாசம் சேர்ந்தாப்ல வராது. மொதல்ல அப்படி நின்னப்போ, கர்ப்பம்னு மாமியார் தெரு பூரா பாயசம் கொடுத்தா. அப்புறம் வந்துடுத்து. எல்லாரும் சிரிச்சா. அதுலேர்ந்து, வராட்டாலும் மாசாமாசம் போய் உக்காந்துடுவேன்."

டாக்டரம்மாவிடம் ஓடினேன். அவர் மறுபடி பரிசோதித்தார். இரண்டு ஓவரியும் வீங்கியிருந்தன. மாதமுறை தள்ளிப்போவது, முகத்தில் ரோமம், பிள்ளையில்லாமை எல்லாம் ஒரே கோளாறுதான் என்று சீமையில் இப்போதுதான் எழுதுகிறார்கள், ஓவரியில் ஒரு துண்டு வெட்டியெடுத்தால் சிலருக்குக் குணமாகிறது என்றார். இன்று நீங்கள் பி.சி.ஓ.எஸ். என்கிறீர்களே, அதுதான்.

மாமியார் ஒப்பவில்லை. "இப்போ வந்து சொல்றேளே! திருநெல்வேலியில பொண்ணு நிச்சயம் பண்ணியாச்சு. வர முகூர்த்தத்துல என் பிள்ளைக்கு ரெண்டாம் கல்யாணம். இவளுக்கு எதுக்குக் கத்தி?"

"ஒரு தடவை பண்ணிப் பாக்கட்டுமே, அம்மா" என்றாள் மீனாட்சி. அவளை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. டானிக் குடித்தே போன அந்த வருஷங்களை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

பிறகொரு நாள் மீனாட்சியே, இரண்டாந்தாரமாக வந்த அந்தச் சின்னப் பெண்ணைக் கைபிடித்து அழைத்து வந்தாள். மாமியார் வழக்கம்போல் முன்னால் வந்து நின்றார்.

"நீங்க வெளியில இருங்கோ, அம்மா. அவளுக்கு வாய் இருக்கு. அவளே சொல்லட்டும்" என்றாள் மீனாட்சி.

அதற்குப் பிறகு, கூட வந்தவர்களை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் நாங்கள் எந்தப் பெண்ணிடமும் கேள்வி கேட்டோம். புதிதாக வேலைக்கு வரும் நீங்களும் அப்படியே செய்யுங்கள். மீனாட்சிக்காக அந்தக் கதவை நாங்கள் ஒருவரும் சாத்தவில்லை.